சந்திரகிரி தாண்டட்டும்

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் காலை ஏழேகால் பஸ்ஸில் அந்த அக்கா கண்டக்டர். நான் தினசரிப் பயணி. ஆறு வருஷம் ஒரே பஸ், ஒரே ஜன்னல் சீட். அந்த ஆறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட வார்த்தை 'டிக்கெட்' என்று நீங்கள் நினைப்பீர்கள். இல்லை. "சந்திரகிரி தாண்டட்டும் சார், பாத்துக்கலாம்" என்பதுதான்.

அதற்கு நியாயமான காரணம் இருந்தது. பூதலப்பட்டில் ஒரு கூட்டம் ஏறும். நேண்ட்ரகுண்டவில் இன்னொரு கூட்டம். பனப்பாக்கத்தில் காலேஜ் பிள்ளைகள். சந்திரகிரியில் கடைசியாக நாலு பேர் ஏறி, அவர்களுக்கும் டிக்கெட் கிழித்துவிட்டால் திருப்பதி வரைக்கும் கண்டக்டருக்கு வேலை இல்லை. அதனால் தன் சொந்தக் காரியம் எதுவாக இருந்தாலும் அக்கா அதைச் சந்திரகிரிக்கு அந்தப் பக்கம் வைத்திருந்தார். அந்தப் பக்கம் என்ன இருந்தது? அரை மணி நேரம்கூடக் கிடையாது. தண்ணீர் குடித்து, முகத்தைத் துடைத்து, முழங்காலை நாலு தடவை நீவி விடுவதற்குள் பஸ் ஸ்டாண்டு வந்துவிடும். திரும்பி வரும்போதோ சந்திரகிரி முதலிலேயே வந்து தொலைக்கும். அதைத் தாண்டினால்தான் கூட்டமே ஆரம்பிக்கும்.

செருப்பு வார் அறுந்து எட்டு மாதம் ஊக்கு குத்திக்கொண்டு நடந்தார். கேட்டால், சந்திரகிரி தாண்டட்டும். பஸ் குலுங்கும்போதெல்லாம் வலது முழங்காலைப் பிடித்துக்கொள்வார். ஒரு எக்ஸ்ரே எடுத்தால் என்ன அக்கா? சந்திரகிரி தாண்டட்டும். அந்த ஊர்க் கோட்டை ராஜாக்களுக்குக்கூட அவ்வளவு காரியம் காத்திருந்திருக்காது.

ஆள் குள்ளம். புடவைக்கு மேலே காக்கிச் சட்டை, கழுத்தில் டிக்கெட் மிஷின், கொண்டையில் செருகிய பேனா. குரல் மட்டும் ஆளைவிட இரண்டு மடங்கு. சித்தூரில் பழைய மிஷன் சபை ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை பாட்டுக் குழுவில் முன்வரிசையில் நிற்பவர். திங்கட்கிழமை அதே குரலில், அதே சுதியில், "திருப்பதி, திருப்பதி, திருப்பதி" என்பார். அரைத்தூக்கத்தில் இருக்கிற எனக்கு அடுத்து ஆமென் வரும்போல இருக்கும்.

தன் காரியம்தான் இப்படி. அடுத்தவர் காரியம் என்றால் அக்கா வேறு பெண்மணி.

ஒரு நாள் பனப்பாக்கத்தில் ஏறிய பெண் ஒருத்தி, பரீட்சைக்கு விண்ணப்பம் போட இன்றுதான் கடைசி நாள், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று தோழியிடம் சொன்னது அக்கா காதில் விழுந்துவிட்டது. "சாயங்காலமா? பாரம் எங்க? எடு இப்படி." தன் தோல்பையை அந்தப் பெண்ணின் மடியில் வைத்து, கொண்டையிலிருந்த பேனாவைப் பிடுங்கிக் கொடுத்தார். "சந்திரகிரி வர்றதுக்குள்ள பேரு, நைனா பேரு, ஊரு, மூணும் எழுதி முடிக்கிற. இல்லன்னா ரெண்டு பேரையும் எறக்கி வுட்டுடுவேன்." தோழியை எதற்கு இறக்கிவிட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பாரம் சந்திரகிரிக்கு முன்பே நிரம்பிவிட்டது.

இன்னொரு நாள், அக்காள் தங்கை சண்டையில் மூன்று வருஷமாகப் பேசாமல் இருந்த ஒரு அம்மாளை, நேண்ட்ரகுண்ட வருவதற்குள் போன் போட வைத்தார். போனில் இரண்டு பக்கமும் அழுகை. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "என்ன ஆச்சு?" என்றார். "ஒண்ணுமில்ல, நீ ஓட்டு" என்றார் அக்கா.

இதெல்லாம் அவர் தொழிலிலிருந்து வந்த குணம். கண்டக்டர் வேலையில் ஸ்டேஜ் க்ளோஸ் என்று ஒன்று உண்டு. ஒரு ஊரில் ஏறியவர்களுக்கெல்லாம் அடுத்த ஊர் வருவதற்குள் டிக்கெட் கொடுத்து, மிஷினில் அந்த ஸ்டேஜை மூடிவிட வேண்டும். மூடிய பிறகு திரும்பப் போய்த் திருத்த முடியாது. மனசு சரியில்லை, அப்புறம் போடுகிறேன் என்பதெல்லாம் அங்கே செல்லாது. இருபது வருஷமாக ஒரு ஸ்டேஜும் மூடாமல் விட்டதில்லை என்று அக்கா சொல்லிக்கொள்வார். அப்படிச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார்.

அப்படிப்பட்டவர் வேலையிலேயே ஒரு விஷயத்தைப் பதினெட்டு வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். மேல் வேலைக்குப் போக எழுத வேண்டிய தெலுங்கு எழுத்துப் பரீட்சை.

தெலுங்கு அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. சித்தூரில் பிறந்தவருக்கு அது ஒரு பெரிய விஷயமா? பாதி வாக்கியம் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார், நாங்கள் எல்லோரும் அப்படித்தான். ஆனால் படித்தது முழுக்கக் காட்பாடியில் சித்தி வீட்டில், தமிழில். டிரைவராக இருந்த அப்பா சர்வீசில் இருக்கும்போதே இறந்துபோக, அந்த வேலைக்குப் பதிலாக இவருக்குக் கண்டக்டர் வேலை வந்தது. மிஷினுக்கு எண்கள் தெரிந்தால் போதும். ஊர்ப் போர்டுகளை எழுத்தாகப் படிக்காமல் படமாகப் பார்த்துப் பழகிக்கொண்டார். வீட்டு மளிகைச் சீட்டைத் தெலுங்கு வார்த்தைகளாகவே நினைத்துத் தமிழ் எழுத்தில் எழுதுவார். எங்கள் பக்கத்தில் முக்கால்வாசித் தமிழர்கள் செய்கிற காரியம்தான் அது. கடைக்காரரிடம் நாமே படித்துக் காட்டிவிட்டால் ஒரு தொந்தரவும் இல்லை.

தொந்தரவு, வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம் வந்தது. இதை அக்கா எனக்குச் சொன்னதே மூன்றாம் வருஷப் பழக்கத்தில்தான்.

வண்டி டிப்போவுக்குள் வந்ததும் அதில் என்ன குறை என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். எழுதுவது டிரைவர். அன்றைக்கு டிரைவருக்குக் காய்ச்சல், அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார். அக்கா நானே எழுதுகிறேன் என்று உட்கார்ந்தார். எழுத்துப் புத்தகம் வாங்கி ஒரு மாதமாக அ, ஆ பழகிக்கொண்டிருந்த உற்சாகம். முன் டயரில் காற்று இல்லை என்று எழுத வேண்டும். தெலுங்கில் காற்றுக்கு 'காலி' என்று பெயர். முதல் எழுத்தை, 'தங்கம்' என்று சொல்லும்போது வருமே ஒரு க, அந்த மாதிரி சொல்ல வேண்டும். தமிழுக்கு ஒரு க போதும். தெலுங்கில் நாலு க. அக்கா நாலில் வேறு ஒன்றை எழுதிவிட்டார். 'கடை'யில் வருகிற க. அப்படிப் படித்தால் அது நம் ஊர் 'காலி'. காலி இடம், காலி சீட்டு என்கிறோமே, அது.

மெக்கானிக் நோட்டை எடுத்து உரக்கப் படித்தார். "முன் டயர்ல காலி இல்லியாம். அப்போ ஜனங்கள பின் டயர்ல ஏறிக்கச் சொல்லலாமா?"

டிப்போ முழுக்கச் சிரித்தது. ஒரு வாரத்துக்கு அவர் உள்ளே நுழைந்தால் யாராவது ஒருவர், "அக்கா, டயர்ல காலி உந்தா?" என்று கேட்பார்கள். காலி இருக்கிறதா என்று அர்த்தம். பிறகு அதுவே பெயராகிவிட்டது. காலி லேது அக்கா, அதாவது 'காலி இல்லை' அக்கா.

"அவுங்க கெட்டவங்க இல்ல சார்," என்றார் என்னிடம். "என் டப்பால இருந்து சோறு எடுத்துத் துன்றவங்கதான். நானும் கூட சேந்து சிரிச்சுக்கினுதான் இருந்தேன். வூட்டுக்குப் போயி அந்த எழுத்துப் புஸ்தகத்தத் தூக்கிப் பரண் மேல போட்டேன்."

அதற்குப் பிறகு இரண்டு தடவை பரீட்சைக்கு விண்ணப்பித்திருக்கிறார். இரண்டு தடவையும் ஹால் டிக்கெட் வந்திருக்கிறது. இரண்டு தடவையும் போகவில்லை. அந்த இரண்டு ஹால் டிக்கெட்டுகளும் அவருடைய கீர்த்தனைப் புத்தகத்தில் பக்க அடையாளமாக இருப்பதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஒன்று பழுத்துப் பழுப்பாகிவிட்டது.

எனக்கு அவரைப் பார்த்துச் சிரிக்கத் தகுதி இல்லை. நான் அப்போது ஒன்பதாவது வருஷமாக ஆராய்ச்சி மாணவன். தலைப்பு, சந்திரகிரிக் கோட்டைக்குத் தண்ணீர் எப்படி வந்தது என்பது. திருப்பதியில் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் எழுதாமல் இருந்தேன். எழுதாமல் இருப்பது சும்மா இருப்பது என்று நினைப்பவர்கள் எழுதாமல் இருந்து பார்க்க வேண்டும். எவ்வளவு வேலை! குறிப்பு அட்டைகளை நிறவாரியாக அடுக்கினேன். அலமாரிக்கு வார்னிஷ் அடித்தேன். இன்னும் ஒரே ஒரு புத்தகம் படித்துவிட்டால் ஆரம்பித்துவிடலாம் என்று நாற்பது புத்தகம் படித்தேன். முதல் அத்தியாயத்தின் முதல் வாக்கியத்தை மட்டும் பதினோரு விதமாக எழுதி வைத்திருந்தேன். ஒன்றும் என் பேராசிரியர் பார்த்துத் தலையாட்டும்படி இல்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவரும் கேட்பதை விட்டுவிட்டார்.

இதைச் சொன்னபோது அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "சந்திரகிரி தாண்டட்டும்னு நான் சொன்னா ஒரு அர்த்தம் கீது. நீங்க சந்திரகிரிய பத்தித்தான சார் எழுதணும்? அத்தயே டெய்லி தாண்டிக்கினு போனா எப்படி?"

பக்கத்து சீட்டுக்காரர் சத்தமாகச் சிரித்தார். எனக்கு அன்று முழுக்கக் கோபம். மறுநாள் வேறு பஸ்ஸில் போனேன். அதற்கு மறுநாள் அக்கா, "நேத்து இன்னா, ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு கொய்யாப்பழத்தைக் கையில் வைத்தார். அவருக்கு என் கோபம் தெரியவே தெரியாது.

பிறகு அந்த முழங்கால் வந்து நடுவில் நின்றது.

ஒரு திங்கட்கிழமை, நேண்ட்ரகுண்டவில் கூட்டம் ஏறியபோது அக்கா எழுந்திருக்கப் பார்த்தார். வலது கால் மடங்கிய இடத்திலேயே பூட்டிக்கொண்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலிருந்தே கை நீட்டி டிக்கெட் கொடுத்தார். பின்னால் நின்ற ஒரு கிழவருக்குப் போய்ச் சேரவில்லை. அடுத்த ஊர் வருவதற்குள் செக்கிங் ஏறிவிட்டது. விதிப்படி விளக்கம் கேட்டார்கள். விளக்கத்தைத் தெலுங்கில் எழுதித் தர வேண்டும்.

அக்கா உடன் வேலை பார்க்கும் ஒருவரிடம் எழுதச் சொல்லி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து அதன் நகலை என்னிடம் நீட்டினார். "கொஞ்சம் படிங்க சார். கால் வலி பத்தி நல்லா எழுதிக்கிறானான்னு பாக்கலாம்."

நான் தெலுங்கில் படித்தவன். படித்தேன். எல்லோரும் வழக்கமாக எழுதிக் கொடுக்கிற வாசகம்தான் அது. எழுதியவர்மேல் குற்றம் சொல்ல முடியாது, அது இருந்தால் சீக்கிரம் முடியும் என்று நினைத்திருப்பார். 'என் அசட்டையால் இது நடந்தது. இனி இப்படி நடக்காது. மன்னிக்கவும்.' காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"அசட்டைன்னா எழுதிக்கிறான்?"

"ஆமாம் அக்கா."

"நானா? அசட்டையா?"

பூதலப்பட்டு வந்தது. இறங்குகிறவர்கள் இறங்கினார்கள். அக்கா விசில் ஊதினார், டிக்கெட் கொடுத்தார், மிஷினில் ஸ்டேஜை மூடினார். நொண்டிக்கொண்டே என் சீட்டுக்குத் திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. "இருபது வருஷம் சார். அத்த நானே எழுதிருந்தா கால் மொடங்கிடுச்சுன்னு நாலு வார்த்த எழுதிருப்பேன். தப்பா எழுதிருந்தாலும் என் வார்த்தையாச்சும் இருந்திருக்கும்." அந்தக் காகிதத்தை மடித்தார். "நான் பயந்தது எழுத்துக்கு இல்ல சார். சிரிப்புக்கு. அதுக்குப் பயந்து பயந்து, இப்ப எவனோ எழுதினதுக்கு நான் கையெழுத்து போட்டுக்கினு நிக்கறேன்."

எனக்கு அலமாரி வார்னிஷ் ஞாபகம் வந்தது. பேராசிரியரின் தலையாட்டல் ஞாபகம் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த வாரமே எக்ஸ்ரே எடுத்தார். நின்று பார்க்கிற வேலை இனி ரொம்ப நாள் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று உண்டு. பஸ் ஸ்டாண்டில் கண்ட்ரோலர் நாற்காலி. எந்த பஸ் எப்போது என்று மைக்கில் சொல்லி, போர்டில் எழுதி, ரிஜிஸ்டர் போடுகிற வேலை. அதற்குத் தெலுங்குப் பரீட்சை தேறியிருக்க வேண்டும். பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. அதற்கு அடுத்த தடவைக்கு அக்காவுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இந்தத் தடவை எழுதினால் நாற்காலி, இல்லையென்றால் காலோடு வேலையும் போகும். கணக்கு அவ்வளவுதான்.

மறுநாள் பஸ்ஸில் ஏறினால், டிக்கெட் மிஷினோடு ஒரு பள்ளிக்கூட நோட்டும் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்குகிறது. பரணிலிருந்து புத்தகத்தை இறக்கிவிட்டாரா என்று கேட்டேன். "எலி துன்னுட்டுது சார். புதுசு வாங்கிட்டேன்."

ஒரு ஸ்டேஜுக்கு ஒரு வரி. அதுதான் ஏற்பாடு. டிக்கெட் எல்லாம் கொடுத்து முடித்து, அடுத்த ஊர் வருவதற்குள் கிடைக்கிற நாலைந்து நிமிஷத்தில், யாரோ பேசியதில் காதில் விழுந்த ஒரு வாக்கியத்தைத் தெலுங்கில் எழுதுவார். எழுதியதைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யாராக இருந்தாலும் அவர் மூக்குக்கு நேராக நீட்டுவார். "சதவண்டி." படியுங்கள்! மல்லிகை மூட்டைக்காரர் படித்தார். புத்தூருக்குப் பெண் பார்க்கப் போகிற குடும்பம் படித்தது. வேட்டியும் திருமண்ணுமாகத் திருமலைக்குக் கைங்கரியத்துக்குப் போகிற ஐயங்கார் ஒருவர், நாலு க-வையும் தொண்டையில் எங்கெங்கே வைக்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார். பஸ்ஸே க, க, க, க என்று சொல்லிப் பார்த்தது. டிரைவர் வாய்விட்டுச் சிரித்தார். அக்கா, "சிரி, சிரி, சிரிச்சிக்கினே ஓட்டு" என்று சொல்லிவிட்டு அடுத்த வரி எழுதப் போனார்.

தப்பான வரியை அடிக்க மாட்டார், பக்கத்தைக் கிழிக்க மாட்டார். நான் ஒரு நாள், "இதை அழித்துவிட்டுச் சரியாக எழுதுங்களேன்" என்றேன்.

"ஸ்டேஜ் க்ளோஸ் ஆயிடுச்சு சார். க்ளோஸ் ஆனத தொறக்க முடியாது. அடுத்த ஸ்டேஜ்ல சரியாப் போட்டா போதும்."

பதினோரு முதல் வாக்கியம் வைத்திருந்தவனுக்கு அது எங்கே போய்ச் சுட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. அன்று கல்லூரிக்குப் போனதும் அந்தப் பதினொன்றில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டேன். மறுநாள் பஸ்ஸில் மடியில் ஒரு பலகை வைத்துக்கொண்டு இரண்டாவது வாக்கியத்தை எழுதினேன். எழுத்து பாம்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. பூதலப்பட்டு வரைக்கும் ஒரு பத்தி, நேண்ட்ரகுண்ட வரைக்கும் ஒரு பத்தி. அக்கா போகும்போதும் வரும்போதும் பலகையை ஒரு பார்வை பார்ப்பார். "தண்ணி எது வரைக்கும் வந்துக்கிது சார்?" கோட்டை மதில் வரைக்கும் வந்துவிட்டது அக்கா.

பரீட்சை திருப்பதியில். அன்றைக்கு அக்கா லீவு போட்டுவிட்டு, வெள்ளைப் புடவையில், அதே ஏழேகால் பஸ்ஸில் பயணியாக என் பக்கத்தில் உட்கார்ந்தார். காக்கி இல்லாமல் அவரைப் பார்க்க யாரோ போல இருந்தது. கீர்த்தனைப் புத்தகம் மடியில். மூன்றாவது ஹால் டிக்கெட் அதற்குள். அன்றைய கண்டக்டர் ஒரு புதுப் பையன், டிக்கெட் கேட்கவே கூச்சப்பட்டான். பனப்பாக்கம் வரைக்கும் அக்காவின் வாய் எதையோ முணுமுணுத்தபடி இருந்தது. ஜெபமா, நாலு க-வா, தெரியவில்லை.

சந்திரகிரியில் பஸ் நின்றது. அக்கா எழுந்துவிட்டார்.

"நான் எறங்கறேன் சார். திரும்பிப் போற வண்டி இப்ப வரும்."

"அக்கா!"

"கால் வலிக்குது. அப்புறம்..." அடுத்து என்ன வரப்போகிறது என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. பதினெட்டு வருஷம் சொல்லிப் பழகிய நாக்கு தானாகவே அங்கே போனது. "சந்திரகிரி..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். நிற்கிற ஊரே அதுதான்.

நான் அவர் கையைப் பிடிக்கவில்லை, தைரியம் சொல்லவில்லை. எனக்கு அந்த அளவு சாமர்த்தியம் கிடையாது. முன்னால் பார்த்துக் கத்தினேன். "தம்பி, இங்க எல்லாருக்கும் டிக்கெட் ஆச்சா?"

"ஆச்சு சார்!"

"அப்போ ஸ்டேஜை மூடு."

பையன் ஒன்றும் புரியாமல் பட்டனை அமுக்கி விசில் ஊதினான். பஸ் நகர்ந்தது. அக்கா கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். கோட்டை மலை பின்னால் போயிற்று.

"தாண்டியாச்சு அக்கா," என்றேன்.

முதலில் முறைத்தார். பிறகு அந்தப் பெரிய குரலில் அடக்க மாட்டாமல் சிரித்தார், பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. உட்கார்ந்தார். "உங்க அத்தியாயம் எங்க?" என்று கேட்டார். பையில் இருக்கிறது, எழுதி முடித்தது, இன்னும் ஒரு தடவை பார்த்துவிட்டு அடுத்த வாரம் கொடுக்கலாம் என்று இருக்கிறேன் என்றேன். "நான் இன்னிக்கி எழுதறேன். நீங்க இன்னிக்கிக் குடுக்கறீங்க" என்றார். கொடுத்தேன். என் பேராசிரியர் தலையாட்டவில்லை. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்து, "அடுத்த அத்தியாயம் எப்போது?" என்று மட்டும் கேட்டார். ஒன்பது வருஷத்தில் அவர் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட நாள்களில், நான் ஓடி ஒளியாமல் நின்றது அன்றுதான்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அக்கா எனக்காகக் காத்திருந்தார். விரலெல்லாம் மை. "மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னான் சார். எந்த விஷயமா இருந்தாலும் சரின்னான். அன்னிக்கி எழுத வேண்டிய விளக்கத்த இன்னிக்கி எழுதிட்டேன். நேண்ட்ரகுண்ட, கிழவர், கால், எல்லாம். ஏழு தப்பு இருக்கும். எட்டுகூட இருக்கும். அசட்டைன்ற வார்த்த மட்டும் இல்ல."

தேறினார். எவ்வளவு மதிப்பெண் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நான் திருப்பதிக்கே வீடு மாறிவிட்டேன். ஏழேகால் பஸ் பயணமும் நின்றது. ஒன்றரை வருஷம் கழித்து, பைண்டு போட்ட ஆராய்ச்சிப் புத்தகத்தின் முதல் பிரதியைப் பையில் வைத்துக்கொண்டு சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். நன்றியுரையில் அவர் பெயரைப் போட விரும்பியபோது போனில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "பஸ் கண்டக்டர்னு போடுங்க சார், போதும். டிப்போல எல்லாரும் தன்னத்தான்னு நெனச்சு சந்தோஷப்படட்டும்." அதனால்தான் இங்கேயும் அவர் பெயர் இல்லை.

கண்ணாடி அறைக்குள் நாற்காலியில் அக்கா. எதிரில் மைக். வெளியே ஒரு திருப்பதி பஸ் நொண்டிக்கொண்டு நின்றது, முன் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அறைக்கு வெளியே கரும்பலகையில் சாக்பீஸால் தெலுங்கில் எழுதியிருந்தது. 'திருப்பதி பஸ். முன் டயரில் காற்று இல்லை. பத்து நிமிடம் தாமதம்.'

பங்க்சர் என்று எழுதியிருக்கலாம். எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள், அதில் எந்த வம்பும் இல்லை. அக்கா காலி லேது என்று எழுதியிருந்தார். நாலில் சரியான க. கவிழ்த்து வைத்த லாடம் மாதிரி, மற்ற எழுத்துகளைவிட இரண்டு பங்கு பெரிதாக. எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. போகிற வருகிறவர்களை நிறுத்தி, இதைப் பாருங்கள், இது எங்கள் அக்கா எழுதியது என்று சொல்ல வேண்டும்போல இருந்தது.

சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்த மெக்கானிக் தலை நரைத்தவர். ஸ்பானரோடு எழுந்து போர்டைப் பார்த்தார். ஒரு எழுத்து, இரண்டு எழுத்து என்று நிதானமாகப் படித்தார். பிறகு கண்ணாடி அறையைப் பார்த்து, பழைய ஞாபகத்தில், "ஏம்க்கா, காலி லேதா?" என்று குரல் கொடுத்தார்.

அக்கா மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"டயர்ல காலி லேது. பஸ்ல காலி உந்தி. எக்கண்டி!"

டயரில் காற்று இல்லை, பஸ்ஸில் இடம் இருக்கிறது, ஏறுங்கள். மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சிரித்தது. இந்தத் தடவை சிரிப்பை ஆரம்பித்து வைத்தது அக்கா.

இதைத் தமிழில் எழுதும்போது இரண்டும் ஒரே காலியாகத்தான் விழுகிறது. என்னிடம் இருப்பது ஒரே ஒரு க. அன்று அந்த ஒலிபெருக்கியில் இரண்டும் தனித்தனியாக, சுத்தமாகக் கேட்டன.